அறுபது பாட்டில் கடலை விழுது நாடு மாறிய விவரம்

புசியா, கென்யாப் பக்கம்
வெள்ளிக்கிழமை, காலைத் தேநீருக்குப் பிறகு

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் ஒதியேனோ அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை அதியேனோவின் கணவனும், எல்லைச் சாவடியில் முப்பத்தோரு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவனுமான க்ளெமென்ட் மங்கேனி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, இரண்டு மாடுகள், என் இடது முழங்கால் எல்லோரும் சுகம். வலது முழங்காலைப் பற்றிப் பின்னால் வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தொரோரோவில் நீங்களும், அக்காவும், முக்கியமாக உங்கள் கடலை வயலும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

பக்கத்து ஊரில் இருக்கிற மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் போட்டால் இரண்டாவது வார்த்தையிலேயே அதியேனோ பிடுங்கிக்கொண்டு அண்ணன் சாப்பிட்டாரா என்று ஆரம்பித்துவிடுவாள், மீதியை நான் சுவரிடம் சொல்ல வேண்டியதுதான். தவிர, இத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். காகிதத்தைப் போனிலேயே அனுப்பலாம் என்று என் மகள் நெரிமா சொல்வாள். அனுப்பலாம்தான், ஆனால் அதன்மேல் கையெழுத்து யார் போடுவது? ஆகவே உங்கள் ஊர் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம். என் மகள் நேற்று மாலை சரக்கோடு உங்கள் வீட்டில் வந்து இறங்கியிருப்பாள், எல்லையில் நடந்ததை எல்லாம் தாய்மாமனிடம் ஒப்பித்திருப்பாள், நீங்களும் அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். அது அவள் சொன்ன கதை. நடந்ததை நடந்தபடி சொல்ல நான் ஒருவன் இருக்கிறேன் அல்லவா?

முதலில் படிவம். மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு, உட்கார நாற்காலி உண்டு. நம்பர் அடித்த படிவம் இது, நகல் எடுத்தால் செல்லாது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் சம்பந்தியைப் பிடித்து, அவர் வீட்டு வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து இந்த ஒன்றை வாங்கி வந்தேன். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைசி. நெரிமா கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவளிடம் அதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இதே வண்டிக்காரரிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் நோக்கம். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

அவளுக்கு வேலை கிடைக்காத கதை உங்களுக்குத் தெரியாததல்ல. உணவுப் பதனப் படிப்பு படித்தாள், இரண்டாவதாகத் தேறினாள். இப்போது எல்லாம் ஒரே வட்டாரம், ஒரே சந்தை, கிழக்கு ஆப்பிரிக்கப் பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் போய் வேலை செய்யலாம் என்று வானொலியில் தினம் சொல்கிறார்களே என்று நைரோபிக்குப் போட்டாள், கம்பாலாவுக்குப் போட்டாள், கிகாலிக்கும் அருஷாவுக்கும் போட்டாள். நான்கு நாட்டிலிருந்தும் "முன்அனுபவம் இல்லாததால் வருந்துகிறோம்" என்று வரி மாறாமல் ஒரே பதில் வந்தது. ஒருங்கிணைப்பு அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது மச்சான். பிறகுதான் அவள், உங்கள் வயல் சிவப்புக் கடலையை அம்மாவை வறுக்கச் சொல்லி, தானே அரைத்து, பாட்டிலில் போட்டு, மேலே சிவப்பாக ஒரு சீட்டு ஒட்டி விற்க ஆரம்பித்தாள். ருசி? என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, உங்கள் தங்கை ஒளித்து வைத்த இடத்தை நான் மூன்று முறை கண்டுபிடித்திருக்கிறேன்.

உங்கள் ஊரைத் தாண்டி ம்பாலேயில் ஒரு கடைக்கார அம்மாள் ருசி பார்த்துவிட்டு, "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அறுபது பாட்டில் கொண்டாந்து வை. சொன்ன நேரத்துக்கு வந்தா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை உன்கிட்டயே வாங்கறேன். வரலைன்னா வேற ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்கும் மகளுக்கும் ஒரு பேச்சு நடந்தது. சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் மறுபேச்சில்லாமல் அவள் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டால், ஒரு வருடத்துக்கு நான் "எழுத்தர்" என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்கக் கூடாது. உங்கள் தங்கைதான் சாட்சி. சாட்சி எந்தப் பக்கம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நேற்று வியாழக்கிழமை. அறுபது பாட்டிலையும் நாலு அட்டைப்பெட்டியில் அடுக்கி ஷியுண்டுவின் வண்டியில் ஏற்றினோம். ஷியுண்டுவை உங்களுக்குத் தெரியும், கால் வராதவர், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் இருபத்தைந்து வருடமாக இந்த எல்லையில் சரக்கு ஏற்றி இறக்குபவர். நான் என் பழைய காக்கிக் கோட்டை எடுத்து மாட்டினேன். பித்தான் ஒன்று மட்டும் போட முடியவில்லை. நெரிமா பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க எதுக்கு? நான் எல்லாம் விசாரிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். "முப்பத்தோரு வருஷம் அங்கே நின்னவன்டி நான். என் மகள் சரக்கு போகுது, நான் வீட்ல உட்கார்ந்து மாட்டு ஈ ஓட்டறதா?" என்று கேட்டேன். அதியேனோ உள்ளேயிருந்து, "கூட்டிட்டுப் போடி, இங்கே இருந்தா இன்னொரு பாட்டில் காலியாகும்" என்றாள். கிளம்பினோம்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு நான் அந்தச் சாவடி வழியாக எல்லை தாண்டியதே இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணமோ சாவோ, நாம் எல்லோரும் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒற்றையடிப் பாதையில்தானே வந்து போகிறோம்? நீங்கள் கடலை மூட்டை அனுப்புவதும் அதே வழியில்தான். வேலையில் இருந்தவரைக்கும் அந்தப் பாதையை அடைக்கச் சொல்லி மேலிடத்துக்கு ஏழு முறை எழுதியவன் நான். ஓய்வு பெற்ற மறுநாளே அது எவ்வளவு வசதி என்று புரிந்தது. ஆகவே, நான் போன பிறகு சாவடியில் முறையையே தலைகீழாக மாற்றிவிட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? யாராவது வீட்டுக்கு வந்து சொன்னார்களா?

சாவடிக்கு வந்ததும் நெரிமா, "சின்ன வியாபாரிகளுக்குன்னு ஒரே ஒரு தாள் இருக்குப்பா, பொருள் எந்த நாட்டுல செஞ்சதுன்னு எழுதித் தருவாங்க. வாங்கிட்டு வரேன். நீங்களும் ஷியுண்டு அண்ணனும் இந்த மரத்தடியிலயே நில்லுங்க. எங்கேயும் போகாதீங்க" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு முறை சொன்னதாக இப்போது சொல்கிறாள். எனக்கு ஒரு முறைதான் ஞாபகம். ஒரு கடலை விழுதுக்குப் பத்து நிமிஷத்தில் பிறப்புச் சான்று தருகிறார்களாம், இவள் பிறந்ததற்குச் சான்று வாங்க நான் ஆறு வருடம் அலைந்தேன். அந்த எரிச்சலோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் பளபளவென்று ஒரு கூடம், உள்ளே வரிசை, முத்திரை விழும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று மச்சான்! நம் நாட்டை விட்டுப் போகும் சரக்குக்கு முதலில் நம் பக்கத்து முத்திரை, பிறகுதான் அடுத்த பக்கம், என் காலத்தில் அதுதான் முறை. மகள் வருவதற்குள் அந்த வேலையை முடித்துவைத்தால் அவளுக்கு அரை மணி மிச்சம். "ஷியுண்டு, உள்ளே விடு வண்டியை" என்றேன். "பொண்ணு இங்கேயே நிக்கச் சொல்லிச்சே" என்றார். "எல்லையைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியைச் சுற்றினார்.

மேசையில் கிப்ரோனோ என்ற பையன், சுறுசுறுப்பானவன், நல்ல மரியாதை. "எங்கேருந்து வருது ஐயா?" என்று கேட்டான். நம் பக்கத்தில் எங்கேயிருந்து என்று ஒருவர் கேட்டால் வேர் வரைக்கும் சொல்வதுதானே வழக்கம்? "எங்க மச்சான் வயல்லேருந்து தம்பி. தொரோரோ. அவங்க அப்பா காலத்து விதை" என்றேன்.

"தொரோரோன்னா உகாண்டா."

"பின்னே? அங்கேதான் பொண்ணே எடுத்தேன்."

அவன் சிரித்தான், எழுதினான், டொக் என்று குத்தினான். "நல்வரவு ஐயா" என்று வேறு சொன்னான். போகிறவனுக்கு எதற்கு நல்வரவு என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு பண்போடு வளர்ந்திருக்கிறார்கள் என்பதுதான்.

வெளியே வந்து தாளை நெரிமாவிடம் நீட்டினேன். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இதை எங்கே வாங்கினீங்க?"

"நம்ம கூடத்துலதான்."

"அது வர்றவங்களுக்குப்பா! போறவங்க இந்தப் பக்கம் நிக்கவே வேண்டாம். நேரா அந்தப் பக்கக் கூடத்துக்குப் போனா ரெண்டு நாட்டு ஆளுங்களும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க, ஒரே வரிசையில முடிஞ்சிடும். இப்ப நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க தெரியுமா? நம்ம அடுப்புல வறுத்த கடலையை உகாண்டாவுலேருந்து இறக்குமதி பண்ணி வெச்சிருக்கீங்க!"

ஷியுண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு வண்டி மணியை ஒரு தடவை அடித்தார்.

சரி, அடுத்த பக்கம் போய் விளக்கிச் சொன்னால் தீர்ந்தது என்று போனோம். அங்கே நமுதோசி என்று ஒரு அதிகாரி, சின்ன வயது, கண் மட்டும் என் பழைய மேலதிகாரியின் கண் மாதிரி. ஒரு கையில் நெரிமாவின் தாள், கென்யாவில் செய்தது என்கிறது. மறு கையில் என் தாள், உகாண்டாவிலிருந்து வந்தது என்கிறது. "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி எங்க நாட்டுலேருந்து போன சரக்கு, அதுக்குள்ள திரும்பி வருதே. யார் வேண்டாம்னு சொன்னது? கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள். கெட்டுப் போச்சா! எனக்கு வந்த கோபத்தில், "என் பெண்டாட்டி வறுத்ததும்மா அது! கடலை எப்படி வந்துச்சுன்னா, சந்தைக்குப் பின்னால..." என்று ஆரம்பித்தேன். நெரிமா என் காலை மிதித்தாள். மிதித்தது வலது கால்.

நெரிமா நிதானமாகச் சொன்னாள்: "கடலை மாமாவோடது மேடம். வறுத்தது அம்மா, அரைச்சது நான், ரெண்டும் புசியாவுல. உருவம் மாறுன இடம்தானே கணக்கு? இந்தத் தாள் சரி. அப்பா வாங்கினதுதான் தப்பு." நமுதோசி தலையாட்டினாள். "எனக்குப் புரியுது தங்கச்சி. ஆனா அந்தப் பதிவை அடிச்ச ஆளே ரத்து பண்ணணும். இல்லேன்னா இது திரும்பி வந்த சரக்கு, பரிசோதனைக்காகக் கிடங்குக்குப் போகும். பரிசோதகர் திங்கட்கிழமைதான் வருவாரு."

திங்கட்கிழமை. சனிக்கிழமை போயிற்று, கடைக்கார அம்மாள் போயிற்று, அறுபது பாட்டிலும் போயிற்று. அதே திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குத்தான் என் படிவத்தின் கடைசி நேரமும். மச்சான், உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்கு வேண்டியது என் கண் முன்னாலேயே தானாக நடந்துகொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். என் மகளுக்கு நாற்காலி, ஓய்வூதியம், என் வயதில் பித்தான் போட முடியாத ஒரு கோட்டு.

அப்போது நெரிமாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு பெட்டியைத் திறந்து, வழியில் குலுங்கித் திரும்பிப்போயிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக, சிவப்புச் சீட்டு முன்னால் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். கிடங்குக்குப் போகிற பெட்டியை யார் பார்க்கப் போகிறார்கள்? "ஷியுண்டு, இவளைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். நம் பக்கக் கூடத்தில் கிப்ரோனோ இல்லை, அந்தப் பக்க மேசைக்குப் போயிருப்பான் என்றார்கள். அந்தப் பக்கம் ஓடினேன், சாப்பிடப் போயிருப்பான் என்றார்கள். திரும்ப இந்தப் பக்கம் ஓடி வந்தபோது வாசலில் ஒரு காவல்காரப் பெண் கையை நீட்டி, "பெரியவரே, நில்லுங்க. இன்னைக்கு மட்டும் நீங்க கென்யாவுக்குள்ள ரெண்டு தடவை வந்திருக்கீங்க, ஒரு தடவைகூட வெளியே போகலையே, அது எப்படி?" என்றாள். எதிர்ச் சாப்பாட்டுக் கடையைக் காட்டி, "வந்து சொல்றேம்மா" என்று மட்டும் சொன்னேன். கோட்டைப் பார்த்துச் சிரித்தபடி விட்டுவிட்டாள்.

கிப்ரோனோ உகாலிக் களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான், அதற்காகவே அந்தப் பையன் நன்றாக இருப்பான். "ரத்து பண்ணிடலாம் ஐயா. ஆனா தப்பு எப்படி நடந்துச்சுன்னு எழுத்துல ஒரு விளக்கம் வேணும்."

விளக்கம்! முப்பத்தோரு வருடம் எத்தனை பேரிடம் நான் விளக்கம் வாங்கியிருப்பேன்! எழுத்துப் பிழைக்குக்கூட அதே இடத்தில் திருப்பி எழுத வைத்திருக்கிறேன். "ஒரு பிரதி போதும் ஐயா" என்றான். "மூணு" என்றேன். "இப்பல்லாம் ஒண்ணுதான்" என்றான். "விதின்னா மூணு தம்பி" என்று சொல்லி, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மேசையில் குனிந்து மூன்று முறை எழுதினேன்: "இந்தச் சாவடியில் முப்பத்தோரு வருடம் பணிபுரிந்த க்ளெமென்ட் மங்கேனி ஆகிய நான், நாட்டை விட்டுப் போகும் வழி எது, வரும் வழி எது என்று தெரியாமல், கேட்கவும் வெட்கப்பட்டு, என் மகள் சொன்ன இடத்தில் நிற்காமல், தவறான வாசலில் நுழைந்துவிட்டேன். சரக்கின் மீதோ என் மகளின் மீதோ எந்தக் குற்றமும் இல்லை."

ரத்து செய்த தாளோடு அந்தப் பக்கம் போனபோது நமுதோசி இதைச் சத்தமாகப் படித்தாள். சரிபார்க்கிறாளாம். வரிசையில் முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு ஒரு வெங்காயக்காரி கை தட்டினாள், பிறகு எல்லோரும். அசடு வழிய நின்றேன். ஆனால் மச்சான், டொக் என்று நெரிமாவின் தாளில் முத்திரை விழுந்தது பாருங்கள், என் வாழ்க்கையில் நான் குத்திய எந்த முத்திரையும் அவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை. நெரிமா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "முழங்கால் வலிக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லடி" என்றேன். பொய்தான்.

உங்கள் ஊர் வண்டியில் அவளையும் சரக்கையும் ஏற்றிவிட்ட பிறகு, என்னால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. ஷியுண்டு காலிவண்டியைக் காட்டி, "ஏறுங்க. இத்தனை வருஷம் நீங்க என் வண்டியை நிறுத்தினீங்க, இன்னைக்கு நான் உங்களை ஏத்திட்டுப் போறேன்" என்றார். ஏறினேன். முறைப்படி வெளியே போனதாக ஒரு பதிவு, முறைப்படி உள்ளே வந்ததாக ஒரு பதிவு, எல்லாம் சரியான வாசலில். கிப்ரோனோ மறுபடியும் "நல்வரவு ஐயா" என்றான். இந்த முறை பொருத்தமாக இருந்தது.

இருந்தாலும், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சரக்கு உங்கள் வீடு வரைக்கும்தான் வந்திருக்கிறது, ம்பாலே போய்ச் சேரவில்லை. சனிக்கிழமை இன்னும் விடியவில்லை. வழியில் மழை பெய்யலாம், கடைக்கார அம்மாளுக்கு மனசு மாறலாம். முன்ஜாக்கிரதையாக இன்றே கையெழுத்தை வாங்கி வைத்துவிடுங்கள். தாய்மாமன் சொன்னால் தட்ட மாட்டாள். ஒரு தகப்பனின் கவலையை நீங்கள் புரிந்துகொள்வீர்கள். உங்கள் தங்கைக்கு இந்தக் கடிதத்தைப் பற்றித் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் மாடு கன்று பெருக, வயலில் நேரத்துக்கு மழை விழ, நம் இருவரின் முழங்கால்கள் நான்கும் உறுதியாக இருக்க, கடவுளை வேண்டிக்கொள்ளும்

தங்கள் அன்புள்ள மைத்துனன்
க்ளெமென்ட் மங்கேனி

பின்குறிப்பு: கடிதத்தில் என் கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன். கடிதம் நீண்டுகொண்டே போனதில் காகிதம் தீர்ந்துவிட்டது. மேசையில் கைக்கு வந்த தாளை எடுத்து, ஷியுண்டு வண்டியில் ஏறிய இடத்திலிருந்து இதுவரை அதன் முதுகில் எழுதிவிட்டேன். திருப்பிப் பார்த்தால் மேலே நம்பர் அடித்திருக்கிறது, நெரிமாவின் படிவம். பேனாவை அழுத்தி எழுதுவது என் பழைய பழக்கம், மை அந்தப் பக்கம் நன்றாக ஊறி, கையெழுத்துப் போடும் இடம் கறுத்துவிட்டது. வேறு படிவம் கிடையாது. ஆகவே மேலே கேட்ட உதவி எதுவும் தேவையில்லை. சனிக்கிழமை ம்பாலேயிலிருந்து நல்ல செய்தி வந்ததும் இரண்டு மூட்டை சிவப்புக் கடலை அனுப்புங்கள். இந்த முறை சந்தைக்குப் பின்னால் வேண்டாம், சாவடி வழியாகவே வரட்டும், நம் பக்கக் கூடத்துக்கு நேராக. நானே வாசலில் நின்று வழி காட்டுகிறேன். நெரிமா கேட்டால் படிவம் தவறுதலாகப் பாழாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள், நம்புவாள். நான் தவறு செய்பவன் என்று நேற்றுத்தான் மூன்று பிரதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.